முளைக்கு ஒரு மூச்சு முன்னால்

சோளம் மூச்சு விடும். கவிதைக்காகச் சொல்லவில்லை, உள்ளபடியே விடும். தகர டப்பாவுக்குள், இருட்டுக்குள், ஒவ்வொரு விதையும் ஒரு பொட்டு உயிரை அடிமடியில் முடிந்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டுதான் கிடக்கிறது. அந்த மூச்சே அதைத் தின்னவும் செய்கிறது. இரும்பைத் துருவாக்குகிற அதே காற்று, நறுக்கி வைத்த கத்தரிக்காயைக் கறுக்க வைக்கிற அதே காற்று, பழைய கடலையெண்ணெயில் காறலை ஏற்றுகிற அதே காற்று, விதைக்குள்ளும் புகுந்து வேலை பார்க்கிறது. வெக்கை கூடக் கூட அந்த வேலை வேகமாகிறது.

இதை நான் பல வருஷமாகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பிழைப்பு அதுதான். விவசாயிகளுக்கான ஒரு மாத இதழுக்காக, ஆராய்ச்சிக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை வாங்கித் தமிழாக்கிக் கொடுப்பேன். கவிதை மாதிரி உரைநடை, உரைநடை மாதிரி கவிதை என்று நான் எழுதுவதெல்லாம் அதற்கு மிஞ்சிய நேரத்தில். 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று எழுதுவேன். எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். அந்தச் சொல்லோடு என்னால் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடிந்ததில்லை. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவைக் கடந்து, பாத்திரக்கடை, பரோட்டாக் கல், பஞ்சர் கடை எல்லாம் கடந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, அதே சொல்லை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். அதைப் படித்து உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரியும் தலையாட்டியதாக எனக்குத் தகவல் இல்லை. எனக்கே அது உள்ளே இறங்கியதில்லை.

இறங்கியது ஒரு புரட்டாசியில், என் அக்காவின் அடுப்படியில்.

அக்காவுக்கு எழுமலைக்கு மேற்கே, மலையைப் பார்த்த மாதிரி, கொஞ்சம் செவல், செம்மண் நிலம். மானாவாரி. வானம் பார்த்துக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட நிலத்தைக் காடு என்போம். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, இறந்த பிறகு இரண்டு வருஷத்து மழை அதன் மேல் சும்மா பெய்துவிட்டுப் போயிற்று. அக்கா விதைக்கவில்லை. வடக்கே ஒட்டியிருந்த காடும் தெற்கே ஒட்டியிருந்த காடும் அதற்குள் பிளாட்டாகி, வெள்ளையடித்த கற்கள் பல் முளைத்த மாதிரி வரிசையாக நின்றன. நடுவில் அக்காவின் துண்டு மட்டும் ஆவாரையும் தும்பையுமாகக் கிடந்தது.

நிலம் மாமாவுக்கும் அவர் தம்பிக்கும் பொதுவில் இருந்தது. பாகம் பிரிக்கவில்லை. அந்தத் தம்பி, அக்காவின் கொழுந்தனார், சொந்தமாக டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுகிறவர். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணன் போன பிறகு அக்கா வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போட்டவர், கேஸ் சிலிண்டர் தூக்கிவந்து மாட்டிக் கொடுத்தவர். ஆனால் ஒற்றைப் பொம்பளை காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது அவர் கணக்கு. பிளாட்டுப் போடுகிற புரோக்கரிடம் பேசி வைத்துவிட்டார். அக்கா கையெழுத்துத்தான் பாக்கி.

அக்கா மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒருநாள் சோறு தின்றுவிட்டுக் கை கழுவும்போது அவரே ஒரு வழி சொன்னாராம். அக்கா அதை எனக்குப் போனில் அவர் குரலிலேயே சொன்னாள்.

“மதினி, இந்த மழைக்கு வெதச்சுப் பாருங்க. மொளச்சு நின்னுச்சுன்னா பிளாட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன். வருசா வருசம் உழுது குடுக்கறதும் என் பாடு. மொளைக்கலையா, வம்பு பண்ணாம கையெழுத்தப் போட்ருங்க.”

சரி என்று அக்கா சொல்லிவிட்டாள். சொல்லிவிட்ட பிறகுதான் விதையைத் தேடினாள்.

அவளுக்கு வேண்டியது இருங்குச் சோளம். கறுத்த மணி, முரட்டுத் தட்டை. மழை ஏமாற்றினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் செவலுக்கு அதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும், நிலத்துக்கும் தெரியும். ஆனால் அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. எல்லோரும் முந்தி வாங்கிவிட்டதில் விதை எழுமலையில் இல்லை, உசிலம்பட்டியில் இல்லை. நானும் மாட்டுத்தாவணிப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கினேன். தீவனச் சோளம் இருக்கு, வேணுமா என்றார்கள். மாட்டுக்குத் தட்டை வளர்த்துக் காட்டி நிலத்தை மீட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு மனசு வரவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. மாமா கடைசியாக அறுத்து, கதிர் பார்த்து ஒதுக்கி, டப்பாவில் அடைத்து வைத்த விதை. தகரக்கூரை போட்ட அறையில் இரண்டு கோடையைத் தாண்டி உட்கார்ந்திருந்தது. அந்த அறைக்குள் பங்குனி சித்திரையில் நுழைந்தால் முகத்தில் அடுப்பு அடிக்கும். அக்கா ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டிப் பார்த்ததே தவிர, மற்றதெல்லாம் ஊறி உப்பிக் கொழகொழவென்று கிடந்தது. தொட்டால் விரலில் பசை ஒட்டியது என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அந்தப் பசையைப் பற்றித்தான் நான் பக்கம் பக்கமாகத் தமிழாக்கியிருந்தேன். வயசான விதையில் உள்சுவர் அரித்துப் போயிருக்கும். தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கிற சர்க்கரையும் உப்பும் ஓட்டை வழியாக வெளியே கசியும். கசிந்ததைத் தின்னப் பூஞ்சை வரும். ஆனால் அரித்த விதையெல்லாம் செத்த விதை இல்லை. செத்ததை எந்தச் சாறும் எழுப்பாது, சீக்காளியை எழுப்பலாம். முருங்கையிலைச் சாற்றை நிறையத் தண்ணீரில் கரைத்து, அதில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, முளை வருமுன் எடுத்து, நிழலில் பழையபடி உலர்த்தி விதைத்தால் சீக்காளி விதை கொஞ்சம் தெம்போடு எழும்பும் என்று அந்தக் கட்டுரைகள் சொல்லின.

போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். முருங்கைச் சாறு, ஊறல், உலர்த்தல், விதைப்பு. உற்சாகத்தில் வேகமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. அக்காவிடமிருந்து பதில் மெசேஜ் வந்தது. முதலில் சிரிப்பு, பிறகு பேச்சு.

“ஏன்டா தம்பி, ஊறப்போடறத நீ எனக்குச் சொல்லித் தர்றியா?”

அவள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அந்த ஊரில் முளைப்பாரி என்றால் அக்காதான். அம்மன் கோயில் பொங்கலுக்குச் சாட்டிவிட்டால், வீட்டுக்கு வீடு சட்டியில் எருவைப் போட்டு, தானியத்தை ஊறவைத்துத் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். கடைசி நாளில் பொம்பளைகள் தலையில் தூக்கி வரிசையாகப் போகும்போது, யார் சட்டியில் பயிர் உயரமாக, அடர்த்தியாக நிற்கிறது என்று ஊரே பார்க்கும். அக்காவின் சட்டி எப்போதும் ஒரு விரற்கடை உசத்தி. மாமா அதைச் சொல்லிச் சொல்லியே பாதி ஊரைச் சண்டைக்கு இழுப்பார். மாமா போன பிறகு அக்கா முளைப்பாரி எடுப்பதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை. சட்டிகளைக் கழுவி அட்டாலிப் பரணில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் சாயங்காலம் ஊறப்போட்டாள். விடியற்காலை வடித்தாள். ஈரச்சாக்கில் கட்டி, மேலே தண்ணீர் தெளித்து, இன்னொரு ராத்திரியும் விட்டாள். முளைப்பாரிக்கு அப்படித்தான் செய்வார்கள், முளையின் மூக்கு வெளியே தெரிந்தால்தான் கைராசி. மறுநாள் எனக்கு ஒரு படம் வந்தது. கறுத்த மணிகளில் சிலவற்றின் நுனியில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. படத்துக்குக் கீழே அவள் குரல், வாயெல்லாம் பல்லாக: மூக்கு விட்டிருச்சு, இனி நீ சொன்ன மாதிரி காயப்போட்டுறேன்.

அடுத்த படத்தில் அது தார்ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் எதைக் காயப்போட்டாலும் தார்ரோடுதான். உளுந்து, சோளம், மிளகாய், எள், எதுவானாலும் வெள்ளைக்கோட்டை ஒட்டிப் பரப்பிவிட்டால் பஸ்ஸும் லாரியும் சுற்றிக்கொண்டு போகும். இதழ் அலுவலகத்தில் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, செக்கானூரணி, உசிலம்பட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானே இறங்கித் தள்ளுகிற மாதிரி மனசு தவித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

வெயில் தன் வேலையை முடித்திருந்தது. அந்த வெள்ளைப் பொட்டெல்லாம் எரிந்த தீக்குச்சி முனையாகக் கறுத்துச் சுருங்கியிருந்தது. முளை எட்டிப் பார்த்த பிறகு அதைக் காயவைத்தால் அது திரும்ப உள்ளே போகாது, சாகும். முளைப்பாரியில் யாரும் ஊறிய விதையைக் காயவைப்பதில்லை. ஈரத்திலிருந்து நேரே ஈரத்துக்குப் போகும். அதனால் அக்காவின் கைக்கு எதுவரை ஊறலாம் என்பது தெரியவே வேண்டியிருக்கவில்லை. என் வாய்க்கும் அது முக்கியம் என்று தோன்றவில்லை. இரண்டு கெட்டிக்காரர்களும் சேர்ந்து பாதி விதையைக் கொன்றிருந்தோம்.

ரோட்டோரம் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கொழுந்தனார் வந்தார். குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, வெதைக்கச் சொன்னா வறுத்துருக்கீக?”

அக்கா நிமிரவில்லை. சுளகில் வாரிக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது வேகம் காட்டவில்லை, மெதுவாகத்தான் போனார்.

பாதி என்றேன் அல்லவா, மீதிப் பாதி டப்பாவில் இருந்தது. ஊறப்போட அண்டா கொள்ளவில்லை என்பதால் மிஞ்சியது. அண்டா பெரிதாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றைக்கு அடுப்படியில் அக்கா தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல நாள் எடுக்காத கல், ஓரமெல்லாம் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சாம்பல் தொட்ட தேங்காய் நாரால் அவள் தேய்க்கத் தேய்க்கத் துரு கரைந்து தண்ணீரில் இறங்கிற்று. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டிருந்தவன் நின்றேன்.

விதைக்குள்ளேயும் இதுதான்க்கா, என்றேன். துரு.

அவள் நம்பவில்லை. விதைக்குள் இரும்பா இருக்கு என்றாள். இரும்பு இல்லை, காற்று செய்கிற சேட்டை, என்று ஆரம்பித்தேன். ஒரு வீடு மாதிரி நினைச்சுக்கோ. பூட்டின வீடு. இரண்டு கோடையாய்ச் சுவரெல்லாம் துரு ஏறிப் பொரிந்து ஓட்டை விழுந்திருக்கு. ஆனால் தேய்க்கிற ஆளும் உள்ளேயே இருக்காக, ஓட்டை அடைக்கிற ஆளும் இருக்காக. தாகத்தில் மயங்கிக் கிடக்காக. தண்ணி உள்ளே போனதும் எழுந்திருச்சு, முதல் வேலையாய்த் துருவைத் தேய்ச்சு, ஓட்டையை அடைச்சு, வீட்டைக் கூட்டி முடிச்சிட்டுத்தான் முளையை வெளியே அனுப்புவாக. முருங்கைச் சாறு அவுகளுக்குக் கைகொடுக்க வர்ற கூலியாள் மாதிரி. கூட்டி முடிச்ச நேரம் பார்த்து நாம தண்ணியை நிறுத்திடணும். வேலை நடந்தது நடந்ததுதான், காய்ந்தாலும் அழியாது. அப்புறம் காட்டு ஈரம் பட்டதும் உடனே கிளம்பிடும்.

அக்கா கல்லைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள்.

“அப்ப வாசக்கதவு தெறக்கறதுக்கு முன்னாடி நிறுத்தணும்ங்கிற.”

அவ்வளவுதான். நான் வருஷக்கணக்காகத் தெருத்தெருவாக நடந்து தேடிய வாக்கியம் அந்தச் சாம்பல் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சத்தம் போட வேண்டும் போல இருந்தது. அக்காவோ முளைப்பாரிச் சட்டியை எடுக்க அட்டாலிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறிக்கொண்டிருந்தாள்.

மீதி விதையையும் ஒரே மூச்சில் பணயம் வைக்க அவள் தயாராயில்லை. முதலில் ஒரு பிடியில் பார்ப்போம் என்றாள். ஒரு சட்டியில் டப்பாவிலிருந்து எடுத்த விதை அப்படியே. இன்னொன்றில் சாற்றில் ஊறி, கதவு திறக்குமுன் எடுத்து, வீட்டுக்குள் நிழலில் உலர்த்திய விதை. எரு, தண்ணீர், இருட்டு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. ஆராய்ச்சிக்காரர்கள் கண்ணாடித் தட்டில் செய்வதை என் அக்கா மண்சட்டியில் செய்தாள்.

ஒரே ஒரு வித்தியாசம். ஆராய்ச்சிக்காரன் எட்டிப் பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாது. முளைப்பாரி வளர்கிற அறைக்குள் ஆம்பளை கண் படக்கூடாது என்பது ஊர் வழக்கம். இது சாமிக்கு எடுப்பது இல்லையே, வெறும் சோதனைதானே என்று வாதாடிப் பார்த்தேன். சட்டி அதுதானே என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த நாட்கள் என் வாழ்க்கையிலேயே நீளமானவை. லீவு சொல்லிவிட்டு அங்கேயே கிடந்தேன். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். தெருநாய் முதலில் குரைத்தது, பிறகு சலித்துப் படுத்துக்கொண்டது. காலையிலும் மாலையிலும் அக்கா செம்போடு உள்ளே போவாள், தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்கும், முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே வருவாள். கொழுந்தனாரும் உழவு முடிந்து வருகிற வழியில் ஒரு எட்டு வந்து போக ஆரம்பித்தார். வந்தால் என்னைப் போலவே மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கே மாப்ள.”

முளைச்சா உங்களுக்குத்தானே மச்சான் நஷ்டம், நீங்க ஏன் நிக்கிறீங்க என்று கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் வெதையாச்சே, என்றார்.

கதவு ஒரு காலையில் திறந்தது. அக்கா இரண்டு சட்டியையும் இரண்டு கையில் ஏந்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். ஒன்றில் வழுக்கைத் தலையில் மயிர் மாதிரி அங்கங்கே சோகையாக நாலு தாள், நுனி வளைந்து நின்றது. மற்றதில் பயிர். எல்லாம் முளைத்துவிடவில்லை, இடையில் சொட்டை இருந்தது. ஆனால் முளைத்தது எல்லாம் ஒரே உசரத்தில், ஒரே நிமிர்வில், இருட்டில் வளர்ந்த அந்த எலுமிச்சை மஞ்சள் நிறத்தில், கோழிக்குஞ்சுக் கூட்டம் தலை தூக்கிப் பார்க்கிற மாதிரி நின்றது. அக்கா அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஒரு நடுத்தர வயசு ஆள் முற்றத்தில் துள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

அன்றைக்கே மீதி விதையில் இறங்கினோம். கொல்லை முருங்கையில் இளங்கொழுந்தாக உருவி, அம்மியில் தட்டி, மாமாவின் பழைய வேட்டியில் வடிகட்டினோம். வெள்ளை வேட்டி பச்சையாயிற்று. இந்தத் தடவை காவல் இருந்து ஊறப்போட்டோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அண்டாவுக்குள் கையை விட்டு விதையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் நேரமாச்சு என்றபோது அவள் இன்னும் கொஞ்சம் என்றாள். அவள் போதும் என்றபோது நான் உடனே வடித்தேன். விதை உப்பி, பளபளத்து, மூக்கு இருக்கிற இடத்தில் லேசாகப் புடைத்து, ஆனால் தோல் கிழியாமல் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆள் நின்றாகிவிட்டது. தாழ்ப்பாளில் கை.

நடுவீட்டில் சாக்கு விரித்து, மேலே துணி விரித்து மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறியைப் போட்டோம். கரண்ட் போயிற்று. அந்தப் பக்கத்தில் மழை மேகம் கண்டாலே போய்விடும். ஈரமாகவே கிடந்தால் கதவு திறந்துகொள்ளும், வெயிலில் போட்டால் பழைய கதை. அக்கா சுளகை எடுத்து விசிற ஆரம்பித்தாள். நான் இன்னொரு சுளகை எடுத்தேன். கை ஓய்ந்து மாற்றிக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் உள்ளே வந்தார்.  சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் கையிலிருந்த சுளகை வாங்கிக்கொண்டார்.

டிராக்டர் பிடித்த கை, காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. விசிறிக்கொண்டே, எனக்கு எதிரா நானே விசிறிக்கிட்டு இருக்கேன் பாத்தியா மாப்ள என்றார். அக்கா சிரித்துவிட்டாள். மாமா போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கரண்ட் வருவதற்கு முன்பே விதை காய்ந்துவிட்டது. அக்கா ஒன்றை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. சரி, என்றாள்.

மழை ஒரு உழவுக்குப் பெய்து வெறித்த காலையில் விதைத்தோம். ஆவாரையும் தும்பையும் போன காடு புதுசாக முழித்தது. கொழுந்தனார் சால் போட, அக்கா பின்னால் நடந்து விதையை விட்டாள். பாதி விதை என்பதால் கை இறுக்கம். எனக்குத்தான் வேலையில்லை, வரப்பில் நடந்தேன். இரண்டு பக்கமும் அந்த வெள்ளைக் கற்கள் பார்த்துக்கொண்டு நின்றன.

அதற்குப் பிறகு மழை இல்லை. நான் மதுரைக்குத் திரும்பி மேஜையில் உட்கார்ந்தாலும், ஜன்னலுக்கு வெளியே காய்கிற வெயில் ஒவ்வொரு கீற்றும் அந்தச் செவலின் மேல்தான் அடித்தது. செவல் ஒரு குணம் கொண்டது. மேல்மண் காய்ந்துவிட்டால் ஓடு மாதிரி இறுகிவிடும், பிறகு முளை உள்ளேயே தலையை முட்டிக்கொண்டு மடங்கிப் போகும். ஓடு இறுகுவதற்கும் முளை வருவதற்கும் நடுவே பந்தயம். வீட்டைக் கூட்டி, ஓட்டை அடைத்து, தாழ்ப்பாளில் கை வைத்து நிற்பவன் அந்தப் பந்தயத்தில் ஜெயிப்பான் என்று கட்டுரை சொன்னது, சட்டியும் சொன்னது. காடு என்ன சொல்லும் என்பதுதான் தெரியாது. நான் பழங்காநத்தத்துக் கடைத்தெருவை எத்தனை தடவை அளந்தேனோ, டீக்கடைக்காரர் கேட்காமலே கிளாஸை நீட்ட ஆரம்பித்திருந்தார்.

ஒரு விடியலில் அக்கா கூப்பிட்டாள்.  மூச்சு மட்டும் கேட்டது, ஓடி வந்த மூச்சு. பிறகு ஒரே சொல்.

“வா.”

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வரப்பேறிப் பார்த்தேன். சாலுக்குச் சால், ஊசிக்கு ஊசி, செவலைக் குத்திக்கொண்டு பச்சை. மேல்மண் அங்கங்கே வெடித்து இறுகத் தொடங்கியிருந்தது. அது இறுகுவதற்குள் இவை வெளியே வந்துவிட்டன. சில இடத்தில் ஒரு முளை ஓட்டுத்துண்டைத் தலையில் தூக்கிக்கொண்டே நின்றது, திருவிழாவில் தட்டுத் தூக்கிய பிள்ளை மாதிரி. இடையில் வெறும் இடமும் இருந்தது. பாதி விதை, கிழட்டு விதை, அதற்கு இது போதும், போதும் போதும். தகரக்கூரையின் இரண்டு கோடையும், டப்பாவின் இருட்டும், அத்தனை துருவும் தோற்று, அந்தச் சின்னஞ்சிறு இலைகள் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஒரே பக்கமாக நிமிர்ந்தன. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்போரமாக நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். இந்தத் தடவை எதையும் தேடி நடக்கவில்லை.

கொழுந்தனார் எனக்கு முன்பே வந்திருந்தார். காட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, சால் மிதிபடாமல் கால் பார்த்து வைத்து வந்துகொண்டிருந்தார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்து நின்றாள். அவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல் ஒன்று இருந்தது. அது வராமல் இந்தப் பச்சைக்கு அவளிடம் அர்த்தம் இல்லை.

பாதி வழியில் அவர் போன் அடித்தது. புரோக்கர் என்பது அவர் திரையைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. நின்றார். எங்களைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைத்தார்.

“இல்லண்ணே, அந்த எடத்த விட்ருங்க. அதுல பயிரு நிக்கிது.”

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். இவர் கேட்டுக்கொண்டே குனிந்து, சாலோரம் சரிந்து கிடந்த ஒரு கட்டியை எடுத்து, அதற்குக் கீழே நசுங்கிய முளையை விரலால் நிமிர்த்திவிட்டார். அடுத்த வருசமும் நிக்கும்ணே, என்று சொல்லி வைத்துவிட்டார்.

வரப்புக்கு வந்ததும் அக்காவுக்கு நேரே நிற்காமல், காட்டைப் பார்த்தபடி பக்கவாட்டில் நின்றார்.  அவருக்கு நேராகப் பேச வராது, கேலியாகத்தான் வரும்.

“மதினி, இம்புட்டுப் பெரிய முளைப்பாரிய யாரு தூக்குறது?”

 அட்டாலியில் கவிழ்ந்து கிடந்த சட்டிகள், அவளைக் கூப்பிடாமல் போன இரண்டு திருவிழா, எல்லாம் அவள் முகத்தில் ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தாள். வெள்ளைக் கற்களை ஒரு தடவை பார்த்தாள், அவற்றுக்கு நடுவே தன் பச்சையை ஒரு தடவை பார்த்தாள்.

“யாரும் தூக்க வேணாம். அங்கனயே நிக்கட்டும்.”

சொல்லிவிட்டு, கும்மிக்கு வட்டம் கட்டும்போது தட்டுவது போல, இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள். பக்கத்துப் பிளாட்டில் கல் மேல் உட்கார்ந்திருந்த மைனாக்கள் எழும்பின. கொழுந்தனார் டிராக்டரைப் பார்த்து நடந்தார். பாதி தூரம் போய்த் திரும்பி, களையெடுக்க என்னைக்கு வரணும் மதினி, என்று கேட்டார்.